தூரைச் சுற்றி ஒரு வட்டம்

ஏப்ரல் 6
(நகல். அனுப்பியது)

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் பெண்ணின் பிரசவத்துக்கு நீ கிளம்பிப் போக, உன் வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே வந்து சேர்ந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. உடம்புக்குக் குறைவில்லை. ரத்த அழுத்த மாத்திரையைக் காலை ஏழரைக்குத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். நீ, மருமகள், புதிதாக வந்திருக்கும் குட்டி, மூவரும் சுகம்தானே? போன வாரம் நீ தொலைபேசியில் பேசியது என் காதுக் கருவி வழியாகத் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோல் கேட்டது. எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆகவே கடிதம்தான் எனக்கு ஒத்துவரும். வழக்கம்போல் நான் எழுதுவதை எல்லாம் நகல் எடுத்து, மூலையில் குறிப்பிட்டு, கோப்பில் வைக்கிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அதுவாக நின்றது. நான் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். வாசல் கேட்டில் நகராட்சி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருக்கிறதாம். மூன்று வாரத்துக்குள் வெட்டாவிட்டால் அவர்களே ஆள் அனுப்பிச் சுத்தம் செய்வார்களாம். நேரில் போய்க் கேட்டேன். சாளரத்துக்கு அந்தப்பக்கம் இருந்தவர், "எங்க ஆளுங்க வந்தா ஒரேயடியா மழிச்சுட்டுப் போயிடுவாங்க சார். இது களை, இது மரம்னு நின்னு பாக்க அவங்களுக்கு ஏது நேரம்" என்றார். எனக்கு உடனே மாப்பிள்ளை வைத்த பேரி மரம்தான் ஞாபகம் வந்தது.

போன வருடம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த டெய்லரிடம் விசாரித்தேன். சக்கரம் வைத்த இயந்திரம் இவ்வளவு உயரப் புல்லில் ஓடாதாம். கூலிக்கு வெட்டுகிறவர் மே கடைசியில்தான் வருவாராம். கொட்டகையில் மாப்பிள்ளையின் புல்வெட்டி தொங்குகிறது. நீண்ட தண்டு, முனையில் சுழலும் தலை, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நைலான் நரம்பு. அதோடு வந்த கையேட்டையும் எடுத்துப் படித்தேன். மொத்தம் இருபத்திரண்டு பக்கம், ஒன்பது அச்சுப்பிழை. 14, 15ஆம் பக்கங்கள் எண்ணெய் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. இழுத்தால் கிழிந்துவிடும். மாப்பிள்ளையின் பொருள், கிழிக்க மனம் வரவில்லை. மற்ற இருபது பக்கமும் தெளிவாகப் புரிந்தது.

நாற்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். கடைசிப் படியின் அடியில் "பிழையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் மூன்று முறை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்த இரவுகள் உண்டு என்பது உனக்குத் தெரியும். அந்தக் கை ஒரு இயந்திரத்தைப் பிடிக்கலாமா? உன் அனுமதி இல்லாமல் தொடமாட்டேன். உடனே பதில் எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். குட்டி பகலில் தூங்குகிறாள், ராத்திரி எங்களை வேலை வாங்குகிறாள். உங்கள் மருமகள் அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும். ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்தான். தரை என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்போல இருக்கிறது. உங்களுக்கு மூட்டு வலி எப்படி?

அண்ணா, ஒரு புல்வெட்டியைத் தொட யாராவது எட்டு நாள் தபாலில் அனுமதி கேட்பார்களா? எடுத்து ஓட்டுங்கள். உங்கள் மாப்பிள்ளை மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார். "மச்சான் கையில ஸ்பேனரக் குடுத்தா அந்த ஸ்பேனரே பயந்துக்கும்"னு சொல்வாரே, அவர் வாயை அடைத்துக் காட்டுங்கள்.

அவர் செய்ததைப் பார்த்து எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நரம்பை முந்தைய நாளே ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போடுவார். காய்ந்த நரம்பு பட்டென்று ஒடிந்துவிடுமாம். உயரப் புல்லை ஒரேயடியாக அடியில் வெட்டக் கூடாது. மேலிருந்து பாதி, அப்புறம் மீதி. "நுனிதான்டி வெட்டணும், தலைய உள்ள திணிச்சா சுத்திக்கும்" என்பார். முழுக்கால் சட்டை, கண்ணாடி, மூடின செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தைப் பற்றி எழுதினீர்களே, அதற்காகவாவது வெட்டிவிடுங்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வயசுக் கன்றாகப் பண்ணையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இருந்தவர் குழந்தை என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தாராம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போட்டோ எடுத்துக்கொள்ளவும் பிடிக்காது அவருக்கு. வீட்டில் அவர் கை வைத்தது என்று இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான், அண்ணா. இந்த வருஷம் பூ விட்டிருக்கிறதா?

ஜாக்கிரதையாக இருங்கள்.

தங்கை


மே 11
(நகல். அனுப்பியது)

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உழைப்புதான் காரணமோ என்னவோ.

ஆம், உழைப்பு. நகராட்சிக்காரர் இரண்டாம் முறை வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டெய்லர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், இது புல்லா, இல்ல விரிச்சு வெச்ச துணியா? ஒரு நூல் பிசிறு இல்லையே" என்றார். இந்த வயதில் ஒருவர் என்னைக் கைவேலைக்காகப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. இரவு சரியாகச் சாப்பிடவே முடியவில்லை.

முதல் நாள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பாய். கயிற்றை இழுத்து இழுத்துப் பதினேழாவது இழுப்பில் இயந்திரம் கத்தியது. பயந்து கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அது தனியாகவே ஓடி நின்றது. மறுநாள் புல்தரையை எட்டுக் கட்டமாகப் பிரித்துக் குச்சி நட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். தலையை இடுப்பு அசைவோடு இடமும் வலமுமாக வீச வேண்டும். கையால் வீசினால் தோள் போய்விடுகிறது. நரம்பு சுழலும் பக்கத்தைத் தெரிந்துகொண்டு, வெட்டுப்பட்டது நம்மேல் தெறிக்காத பக்கமாக நடக்க வேண்டும். நரம்பு குறைந்தால் தலையைத் தரையில் ஒரு தட்டு, கொஞ்சம் வெளியே வரும். பனி காய்வதற்குள் வெட்டினால் புல் கூழாகி ஒட்டிக்கொள்ளும். தரையோடு சுரண்டிவிட்டால் அந்த மொட்டை இடத்தில்தான் களை முதலில் முளைக்கும். இரண்டு விரல் உயரம் விட்டுவிட வேண்டும். இதெல்லாம் என் குறிப்பேட்டில் தேதிவாரியாக இருக்கிறது.

சத்தம்தான் தாங்க முடிவதில்லை. காதுக் கருவியில் அது ஈயத்தை ஊற்றுவதுபோல் இருக்கிறது. ஆகவே கருவியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெட்டுகிறேன். அப்போது உலகமே அமைதியாக, கையில் ஒரு நடுக்கம் மட்டும் இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பேரி மரம் நிறையப் பூத்துக் கொட்டியது. சின்னச் சின்னப் பிஞ்சுகள் தெரிகின்றன. மரத்தின் தூரைச் சுற்றித்தான் களை அதிகம். மற்ற இடம் எல்லாம் ஒழுங்காக இருக்க அங்கே மட்டும் பிசிறு நிற்பது, பக்கத்தின் ஓரம் ஒட்டாமல் அச்சானதுபோல் கண்ணை உறுத்தியது. சனிக்கிழமை தோறும் தூரை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். இப்போது காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் ஒரு வட்டம்.

மாப்பிள்ளை இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

உன் அண்ணன்


ஜூன் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை உங்கள் மருமகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மாமாவா இது? பல்பு மாத்தறதுக்கே ஸ்டூலப் பிடிச்சுக்க ரெண்டு பேரக் கூப்பிடுவாரே" என்றாள். குட்டிக்கூடச் சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள், இருந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ராத்திரி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அந்தப் புல்லையும் நடுவில் மரத்தையும் நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடினால் நீங்கள் சொன்ன வட்டம்வரை தெரிகிறது.

பிஞ்சு எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணாமலா இருப்பீர்கள். போன வருஷம் ஒரே ஒரு காய், அதையும் அணில் கொண்டுபோய்விட்டது. "முதல் காய மச்சானுக்குத்தான் குடுக்கணும், அவர் கடிச்சுப் பாத்துப் பிழை திருத்தட்டும்" என்று நட்ட அன்றைக்கே சொன்னார். அவர் பேச்சை நாம் காப்பாற்றிவிடலாம். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ நான் வந்துவிடுவேன். அதுவரை உங்கள் பொறுப்பு.

தங்கை


ஜூன் 15
(எழுதியது. அனுப்பவில்லை)

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை டெய்லர் வேலியைத் தாண்டி வந்தார். மரத்தடியில் குனிந்து பார்த்து, "என்ன சார், மரத்துக்கு பெல்ட் போட்டுட்டீங்களா" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. குனிந்தேன். தூரில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், பட்டை இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக, வழவழப்பாக, மரத்தைச் சுற்றி முழு வட்டம். சில வாரங்களாகவே அந்த வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

கையேட்டின் ஒட்டிய பக்கங்களைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். சுலபமாக வந்துவிட்டது. ஏப்ரலிலேயே வந்திருக்கும். 14ஆம் பக்கம், மூன்றாம் பத்தி: "இளம் மரங்களின் அடியில் நரம்பு படக் கூடாது. பட்டை முழுச் சுற்றும் உரிந்தால் மரம் பிழைக்காது. அடியில் உள்ள களையைக் கையால் பிடுங்கவும்." அந்தப் பத்தியில் அச்சுப்பிழை எதுவும் இல்லை.

நரம்பு மரத்தில் பட்டால் சத்தம் மாறுமாம், சட்டையைப் பலகையில் அடித்துத் துவைப்பதுபோல். டெய்லர் தன் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கேட்டிருக்கிறார். "நீங்க வேணும்னேதான் செய்றீங்கன்னு நெனச்சேன் சார்." என் காது ஜன்னல் விளிம்பில் இருந்தது.

செடிப்பண்ணைக்காரரை அழைத்து வந்தேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வேர் உறிஞ்சும் தண்ணீர் கட்டை வழியாக மேலே போய்விடும், ஆனால் இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே வர முடியும், அந்த வழியைத்தான் நான் வெட்டிவிட்டேன் என்றார். "மேல எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். வேரு பட்டினி கெடக்கும். அது தீந்ததும் முடிஞ்சுது." சின்னக் குச்சிகளைப் பாலம்போல் வைத்து ஒட்டலாமா என்று கேட்டேன், எங்கோ படித்திருக்கிறேன். "அது தளிர் விடறதுக்கு முந்தி செய்யற வேலை சார். இப்ப ஒட்டாது. இந்த வருஷம் காய் மட்டும் நல்லாப் பெருக்கும் பாருங்க. சாப்பாடு பூரா மேலயே நிக்குதில்ல" என்றார். கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெறைய பேர் செய்யறதுதான்" என்றார்.

பதினொரு காய்கள் இருக்கின்றன. கொழுகொழுவென்று வளர்கின்றன.

நகராட்சி ஆட்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகத்தான் நான் அந்த இயந்திரத்தைத் தொட்டேன்.

உனக்கு இதை எப்படி


ஜூன் 17
(நகல். அனுப்பியது)

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் மூவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் நலம். இங்கே நல்ல வெயில். மழை குறைவு.

புல் வளர்வது மந்தமாகிவிட்டது. இப்போது பத்து நாளுக்கு ஒரு முறை வெட்டினால் போதும். வேலி ஓரத்துக் களையை நரம்பால் வெட்டாமல் கையால் பிடுங்குகிறேன். அது மேல் என்று தோன்றுகிறது. குளியலறை விளக்கை மாற்றினேன். ஸ்டூலைப் பிடிக்க யாரும் இல்லை.

பிஞ்சுகளை எண்ணினேன். பதினொன்று. பெரிதாகி வருகின்றன. இலை எல்லாம் பச்சையாக இருக்கின்றன.

குட்டிக்கு என் ஆசி.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் ஜூலையில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போன் செய்தால் எடுத்து "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். உடம்புக்கு என்ன? உண்மையைச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறியிருக்கிறதா? விழுந்துவிட்டீர்களா? அந்த மெஷின் காலில் பட்டதா? பட்டு, அதை மறைத்துக்கொண்டு இருக்கிறீர்களா?

சின்ன வயசில் என் பேனா நிப்பை உடைத்துவிட்டு நான்கு நாள் என் கண்ணில் படாமல் சுற்றினீர்களே, அந்த மாதிரி இருக்கிறது இது. அப்போதும் நான்தான் உங்களைத் தேடி வந்தேன். இப்போது வர முடியவில்லை. உங்கள் மருமகள் வேலைக்குப் போய்விட்டாள். குட்டிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். இடுப்பில் அவள் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. ஆனாலும் இந்த மாதம் முடிவதற்குள் கடிதம் வராவிட்டால் அவளையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

புல் எக்கேடும் கெட்டுப் போகட்டும். நீங்கள் நன்றாக இருந்தால் போதும்.

தங்கை


ஆகஸ்ட் 26
(நகல். அனுப்பியது)

அன்புள்ள தங்கைக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ ரயிலில் வர வேண்டாம். வந்து செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

பேரி மரம் சாகிறது. நான்தான் காரணம்.

புல்வெட்டியின் நரம்பால் தூரில் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டேன். ஒரே நாளில் அல்ல. ஏழு சனிக்கிழமைகள். வட்டம் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அதுதான். ஜூன் நடுவிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இலை பச்சை என்று எழுதினேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

களிமண் அப்பினேன். ஈரத் துணி சுற்றினேன். பண்ணைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் பன்னிரண்டு குச்சிகளைச் சீவி, காயத்துக்கு மேலும் கீழும் பாலமாகச் செருகி, மெழுகு பூசினேன். பன்னிரண்டும் காய்ந்து விழுந்தன. இலைகள் ஆகஸ்டிலேயே சிவந்துவிட்டன. தெருவில் போகிறவர்கள் நின்று அழகாக இருக்கிறது என்கிறார்கள். தினமும் காலையில் நாற்காலியைப் போட்டு மரத்துக்கு எதிரில் உட்காருகிறேன். அதைத் தவிர வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை என்னைப் பற்றிச் சொன்னது சரிதான்.

காய் பதினொன்றும் பழுத்துவிட்டன. மிகவும் இனிக்கும் என்று பண்ணைக்காரர் சொன்னார். நான் தொடவில்லை. அணில்கள் தின்கின்றன.

நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உன் அண்ணன்


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. குட்டிக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு. இப்போது எல்லாரும் நலம். நீங்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று தெரியும்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. அது உங்கள் மாப்பிள்ளை வைத்த மரமே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தளிர் விடுகிற சமயம், அவரும் இதே மெஷினால் இதே மாதிரிதான் செய்தார். ஊருக்கெல்லாம் என்ஜின் பிரித்து மாட்டுகிறவர், பட்டையைச் சீவிவிட்டுக் கொட்டகை வாசலில் திருதிருவென்று நின்றார். மறு ஞாயிற்றுக்கிழமை பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பண்ணையில் போய் ஒரு வயசுக் கன்று ஒன்று புதிதாக வாங்கி வந்து அதே குழியில் வைத்தார். "மச்சானுக்கு மட்டும் சொல்லிடாதடி. நான் அவர எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன். ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது" என்றார். அதற்கப்புறம்தான் அடியில் இருக்கிற களையைக் கையால் பிடுங்க ஆரம்பித்தார். அதை உங்களுக்கு எழுத மறந்தது என் தப்பு. நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இருட்டின பிறகு வந்து பொழுது விடிவதற்குள் கிளம்புகிறவர். உங்களுக்கு எப்படித் தெரியும்.

ஆகவே நீங்கள் கெடுத்தது கடையில் வாங்கின ஏதோ ஒரு மரத்தை. அவ்வளவுதான். அதற்குப் போய் இரண்டு மாதம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்களாக்கும். அவர் இருந்தால் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வாங்க மச்சான், நம்ம கூட்டத்துல சேந்துட்டீங்க" என்றிருப்பார்.

ஒரே ஒரு உதவி. நவம்பர் கடைசியில் வருகிறேன். நான் வரும்போது அந்த மரம் அங்கே நிற்க வேண்டாம். டெய்லரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வெட்டிவிடுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை


நவம்பர் 12
(எழுதியது. அனுப்பவில்லை)

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று இரண்டு வேளை சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு மாப்பிள்ளையை நினைத்துச் சிரித்தேன். கொட்டகை வாசலில் அவர் திருதிருவென்று நிற்பதை என்னால் பார்க்க முடிந்தது. நான் தனியாக இல்லை என்று தோன்றியது.

நேற்று மரத்தை வெட்டினோம். காயத்துக்கு ஒரு சாண் மேலே ரம்பம் வைத்தோம். டெய்லர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "இழுங்க சார், தள்ளாதீங்க, இழுத்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அரை மணியில் சாய்ந்தது. சத்தம் அதிகம் இல்லை.

அப்போதே நான் உள்ளே போயிருக்க வேண்டும்.

வெட்டுப்பட்ட முகத்தைப் பார்த்தேன். வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. வருடத்துக்கு ஒன்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஈரத் துணியால் துடைத்தேன். அச்சகத்திலிருந்து ஓய்வுபெறும்போது கொடுத்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். சந்தேகப்பட்டு அல்ல, தங்கையே. பழக்கம். எண்ணக்கூடியது எதிரில் இருந்தால் என்னால் எண்ணாமல் இருக்க முடியாது. அது உனக்கும் தெரியும். அன்றைக்கு உனக்கு ஞாபகம் வரவில்லை.

நீ சொன்னபடி பண்ணையில் ஒன்று, இங்கே மூன்று, இந்த வருடத்துக்கு ஒன்று, ஆக ஐந்து இருக்க வேண்டும்.

ஒன்பது இருக்கிறது.

நடுவிலிருந்து வெளியே எண்ணினேன். வெளியிலிருந்து நடுவுக்கு எண்ணினேன். ஒவ்வொரு வளையத்திலும் குண்டூசி குத்தி, பிறகு குண்டூசிகளைத் தனியாக எண்ணினேன். இன்று காலை முகம் கழுவிவிட்டு மறுபடி எண்ணினேன். ஒன்பது. ஒன்று பண்ணையுடையது. ஐந்து அவருடையது, அகலமாக, ஒரே சீராக இருக்கின்றன. இரண்டு உன்னுடையது. கடைசி ஒன்று என்னுடையது.

ஆறு வாரம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த ஏழாவது மாடியில் நடந்துகொண்டே, அவரை ஒரு தப்புச் செய்ய வைத்திருக்கிறாய். அவர் செய்யாத தப்பு. எனக்காக. அவருடைய மரத்தையும் இழந்துவிட்டு, அவர் கை எப்போதும் தவறாது என்ற பெருமையையும் எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாய்.

இதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நன்றி என்று சொன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்துவிடும்.


நவம்பர் 14
(நகல். அனுப்பியது)

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் காய்ச்சல் எல்லாம் விட்டு நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதம் என் நெஞ்சிலிருந்த பாரத்தை இறக்கிவிட்டது. மாப்பிள்ளையை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறார். நேரில் வந்ததும் அந்தக் கதையை முழுக்க ஒரு தடவை நீ சொல்ல வேண்டும்.

நீ கேட்டபடி மரத்தை வெட்டியாகிவிட்டது. அடிக்கட்டை நின்றால் காலில் இடறும் என்று அதையும் வேரோடு தோண்டி எடுத்துவிட்டேன். குழியை மூடிப் புல் விதை தூவியிருக்கிறேன். இரண்டு விரல் உயரம் வரும்வரை அங்கே யாரும் நடக்கக் கூடாது. புல்வெட்டியைத் துடைத்து, பெட்ரோலை வடித்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். இனி அதை எடுக்கமாட்டேன்.

கொஞ்சம் இருமல் இருக்கிறது. பயப்பட வேண்டாம். குளிர்தான்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். வெட்டிய கட்டையில் வளையங்களை எண்ணிப் பார்த்தேன். நீ சொன்ன கணக்குத்தான், ஐந்து. மூன்று முறை சரிபார்த்தேன்.

பிழையில்லை.

உன் அண்ணன்